நடந்து காட்டியவர்

கூட்டுறவுச் சங்கம் கொடுத்த கைப்பேசியில்
நான் ஒரு புள்ளி.
நடந்தால் கோடாவேன்.
புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்தால்
கோடு மூடிக்கொள்ளும்: தோட்டம்.

செஃப்வி மேட்டில் இந்தப் பருவத்தில்
நாற்பத்தோரு தோட்டங்களை மூடிவிட்டேன்.
கடல் தாண்டி ஏதோ ஒரு மேசையில்
யாரோ கேட்கிறார்களாம்:
இந்த மூட்டை எந்த மரத்தடியிலிருந்து வந்தது,
அந்த மரத்தடியில் முன்பு காடு இருந்ததா,
காய் உடைத்த கை எத்தனை வயதுக் கை.
நியாயமான கேள்விகள்தான்.
கேட்பவருக்கு ஒரு வரி.
பதிலுக்கு நான் ஒன்பது மைல்,
ரப்பர் பூட்ஸுக்குள் சேறு.

நாற்பத்திரண்டாவது, செர்வா டொன்கோருடையது.
உடையது என்று எழுதக்கூடாது.
கணவர் இறந்து பதினான்கு மாதம்.
இங்கே மண் மனைவிக்குப் போகாது,
அக்காள் மகனுக்குப் போகும்.
ஆர்மோ. குமாசியில் டயர் விற்கிறவன்.
வெள்ளைக் கான்வாஸ் காலணியோடு வந்திருந்தான்.
"நான் முன்னே போகிறேன்" என்றான்.

போனான். தாராளமாகப் போனான்.
ஓடையைத் தாண்டி,
கொடி தொங்கும் பெருமரங்களைத் தாண்டி,
இதுவும் மாமாவுடையது, அதுவும் மாமாவுடையது என்று
கையை வீசிக் காட்டிக்கொண்டே.
வேலிக்கு ஓணான் சாட்சி.
ஆரஞ்சுத் தலை ஓணான் ஒன்று
பட்ட மரத்தில் இருந்துகொண்டு
எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.

கோடு மூடிக்கொண்டது. சிவப்பாக.
வடகிழக்கு மூலை காப்புக்காட்டுக்குள் கிடந்தது.
சிவப்புத் தோட்டத்துக் கொட்டையைச்
சங்கத்துத் தராசு தொடாது.
அழுகிய ஓரத்தைச் செதுக்கிவிட்டு
மீதியைத் தின்னக்
கைப்பேசிக்குத் தெரியாது.
ஆர்மோ திரையை விரலால் சுண்டிப் பார்த்தான்,
எரியாத பல்பைச் சுண்டுவது போல.

செர்வா அதுவரை வாயே திறக்கவில்லை.
புளிக்கும் கொட்டைக் குவியலின்
வாழையிலையை விலக்கிக் கிளறிக்கொண்டிருந்தாள்.
நான்காம் நாள் கிளறல்,
யார் வந்தாலும் தள்ளிப்போட முடியாது.
முடித்துக் கை கழுவி வந்தாள்,
முழங்கை வரை காடி வாசம்.
"வா" என்றாள். என்னைத்தான்.

ந்தொமே. சிவந்த இலை, குத்துக்குத்தாக,
எல்லைக்கென்றே நடுகிற செடி.
"இது அவர் காய்ச்சலில் கிடந்த வருஷம் வைத்தது.
இது செத்துப்போய் மறுபடி வைத்தது.
ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
அந்தப் பக்கம் அரசாங்கம்.
அந்தப் பக்கம் அவர்
ஒன்றுக்குக்கூடப் போனதில்லை."
வீக்கநோய் கண்ட வரிசையை
வெட்டியதும் அவள், எரித்ததும் அவள்,
நிழலுக்கு வாழை வைத்துப்
புதுக்கன்று இறக்கியதும்.
மரங்களின் வயதைக் கேட்டேன்.
தேர்தல்களை வைத்துச் சொன்னாள்.
கழித்துக் கூட்டி எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் கோடு மூடியது.
முன்னதைவிட ஒன்றேகால் ஏக்கர் குறைவு.
பச்சை.

ஆர்மோ குறைந்ததைக் கணக்கிட்டான்.
பிறகு பச்சைக்கு என்ன விலை என்று கணக்கிட்டான்.
பிறகு ஓர் இலை பறித்துக் காலணியைத் துடைத்தான்.

படிவத்தில் உரிமையாளர் என்றொரு கட்டம்.
அதில் அவன் பெயர்.
வேறு எழுத எனக்கு அதிகாரமில்லை.
கீழே, பொடி எழுத்தில் இன்னொரு கட்டம்,
யாரும் நிரப்பாதது,
நானே நாற்பத்தோரு முறை
குறுக்குக்கோடு போட்டுத் தாண்டியது:
எல்லையை நடந்து காட்டியவர்.

"பெயரைச் சொல்லுங்கள்" என்றேன்.
எழுத்துக்கூட்டிச் சொன்னாள்,
நான் தப்பாக எழுதிவிடுவேன் என்பது போல.

"இதனால் எனக்கு என்ன வரும்?"
தெரியாது என்றேன். அது உண்மை.
மூட்டைக்குச் சங்கம் தரும் ஊக்கத்தொகை
யார் கையில் சேர வேண்டும் என்று
அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்,
வேண்டுமானால் நான் கை தூக்குகிறேன் என்றேன்.
"எனக்குக் கை இருக்கிறது" என்றாள்.

இலையை இழுத்துக் குவியலை மூடினாள்.
காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கட்டை.
இன்னும் இரண்டு நாள்.
கைப்பேசியில் பதினொரு விழுக்காடு மிச்சம்.
மழைக்குள் நாற்பத்துமூன்று.